தட்டில் மீந்த ஏழு அட்டைகள்

அன்பு ஆசீர்,

இங்கு நலம், அங்கு நலமா என்று தொடங்க எனக்கு வழியில்லை. 'அங்கு' என்பது அடுத்த அறை. நடுவில் ஒரு சுவர், அதுவும் அமெரிக்கச் சுவர். நீ தும்மினால் நான் இங்கிருந்தே ஆசீருக்கு ஆசீர்வாதம் சொல்லலாம். ஏப்ரலில் உனக்கு வேலை போனதிலிருந்து உன் கீபோர்டு சத்தம் கேட்கிறது, நிற்கிறது, மறுபடி கேட்கிறது. ஜனவரியில் நியூ ஜெர்சியில் புது வேலைக்குப் போகிறாய். போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் சொல்ல வேண்டியது என்று சில உண்டு: வேளைக்குச் சாப்பிடு, பனியில் மெதுவாக ஓட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அதையெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு மிஞ்சியது ஒன்றுதான், அதை என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, என் வாய்க்கு இன்னும் பதினாறு. முக்கியமான எதையும் அதை நம்பிக் கொடுக்க முடியாது, ஒரு ஜோக்கைப் போட்டுவிட்டு ஓடிவிடும். அதனால் கையால் எழுதுகிறேன். அந்தக் கையும் யோக்கியமில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

நாம் இங்கே வந்து இறங்கியபோது உனக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. மில்பிடாஸில் அந்த இரண்டு அறை அபார்ட்மென்ட். சான்டா கிளாராவில் வெள்ளைக்காரர்களின் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நம் தமிழ்ச் சபை. அவர்கள் குடித்த காப்பியின் வாசனை போவதற்குள் நாம் பாட ஆரம்பித்துவிடுவோம். இருபது, இருபத்தைந்து குடும்பங்கள். பாஸ்டர் ஒருநாளும் ஃபாஸ்டர் அல்ல, பிரசங்கம் முடிய நான்கு மணியாகும். அதற்குப் பிறகு ஹாலை எப்படி வாங்கினோமோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்காலிகளை மடக்கி அடுக்குவதும், கம்பளத்தில் சிந்திய பிரியாணியைப் பொறுக்குவதும் பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் வெளியே நின்று கிரீன் கார்டு பற்றிப் பேசுவோம். உள்ளே நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தம் கேட்கும்.

உங்களை ஏன் அங்கே கூட்டிக்கொண்டு போனோம் என்று உண்மையைச் சொல்கிறேன். பக்தி பாதி, பயம் பாதி. இந்த ஊரில் பிள்ளை கெட்டுப்போக ஆயிரம் வழி இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. சபை எங்களுக்கு ஒரு தடுப்பூசி. தடுப்பூசியில் என்ன செய்வார்கள்? கொஞ்சமாக ஏற்றுவார்கள். உடம்புக்குப் பழகும் அளவுக்கு மட்டும். முழுசாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை பொய் சொல்லக் கூடாது, குடிக்கக் கூடாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், வாரம் ஒரு வசனம் மனப்பாடமாக வேண்டும். அவ்வளவு போதும். அதற்கு மேல் போய், கேட்டதை அப்படியே நம்பிவிடுவான் என்று நாங்கள் கணக்குப் போடவில்லை.

ஆனால் சபை எங்கள் கணக்குப்படி வேலை செய்யவில்லை. ஞாயிறு பள்ளியில் உங்களுக்குப் பாடம் எடுத்தது எங்களைப் போன்ற இன்ஜினியர்கள்தான். வேதக் கதைக்கு ஃப்ளோசார்ட் போட்டு விளக்கியவர்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்து நீங்கள் கற்றிருக்க வாய்ப்பே இல்லை. வேறு எங்கோ கற்றீர்கள். நாற்காலி மடக்குகிற இடத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை சான் ஹோசேயில் வீடில்லாதவர்களுக்கு சாண்ட்விச் கட்டுகிற இடத்தில், ரைடு லிஸ்டில். உனக்கு லைசென்ஸ் கிடைத்த வாரமே அந்த லிஸ்டில் உன் பெயரைப் போட்டார்கள். மகனுடனோ மகளுடனோ தங்க வந்து, வாரம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெரியவர்களை சர்ச்சுக்கு ஏற்றி வர வேண்டும். உனக்கு வாய்த்தவர் ஃப்ரீமான்ட்டில் இருந்த அந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். காரில் ரேடியோ போடக் கூடாது, ஏசி போடக் கூடாது, லேன் மாறக் கூடாது. நீ வாரா வாரம் திட்டிக்கொண்டே போவாய். ஒருநாள் என் கார் பழுதாகி, உன்னோடு நானும் வந்தேன். நீ உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், வாசலில் மண்டி போட்டு அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாய். அவரால் குனிய முடியாது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரிந்திருந்தது. அவர் குச்சியால் உன் முதுகில் தட்டி, "ரெண்டு முடிச்சுப் போடுடே" என்றார். நான் காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். கேலி பண்ண ஒரு வார்த்தையும் வராத நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு, அது அதில் ஒன்று.

அடுத்த கோடையில், ஹாலுக்குச் சொந்தக்கார சர்ச்சின் இளைஞர்களோடு இரண்டு வாரம் டெக்சாஸ் போனாய். எல்லையோரம், பண்ணைக் கூலிகளின் பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளி. அதற்கு ஒரு வகுப்பறை கட்டும் வேலை. கறுத்து, இளைத்து, கையில் கொப்புளங்களோடு வந்தாய். நாங்கள் அதை ஒரு பிக்னிக் என்று நினைத்து போட்டோக்களைக் கேட்டோம். டிசம்பரில், கல்லூரி விண்ணப்பங்கள் எல்லாம் அனுப்பி முடித்த பிறகு, சாப்பாட்டு மேசையில் நீ சொன்னாய்.

"அப்பா, காலேஜை ஒன் இயர் டிஃபர் பண்ணலாம்னு இருக்கேன்."

"எதுக்கு, ரெஸ்ட் எடுக்கவா?"

"டெக்சாஸ் ஸ்கூல்ல ஆள் இல்ல. ரூம் கட்டிட்டோம், உள்ள நிக்க டீச்சர் இல்ல. ஐ வான்ட் டு கோ பேக்."

"ஏலே, ஊழியத்துக்கு நான் எதிரி இல்ல. மொதல்ல ஊதியம், அப்புறம் ஊழியம். ஒரு எழுத்துதான் வித்தியாசம். நாலு வருஷம் பொறுத்துக்கோ."

உனக்கு அந்த ஜோக் புரிந்தது. புரிந்ததால்தான் நீ சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்கதானப்பா என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க?" என்றாய். டெக்சாஸைச் சொல்லவில்லை, சபையைச் சொன்னாய். நீ போனால் கிரீன் கார்டு சிக்கலாகிவிடும் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். கிரீன் கார்டு அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. அம்மாதான் நடுவில் வந்து, "சோத்து நேரத்துல என்னத்துக்கு இது? நியூ இயர் வரைக்கும் ஜெபிப்போம்" என்றாள். நீ தலையை நிமிர்த்தி, "ஓகே. புது வருஷத்து வசனம் என்ன வருதோ அதுதான். போன்னு வந்தா போறேன். இருன்னு வந்தா இருக்கேன். நோ ஃபைட்" என்றாய். நான் நிம்மதியாக இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன். ஏனென்றால் அந்த வசன அட்டைகளை எழுதுவது நான்.

நம் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன், இந்தக் கடிதம் உன் கண்ணோடு நிற்கப் போவதில்லை என்று நினைப்பதால். புத்தாண்டு காலை ஆராதனையின் முடிவில் ஒரு எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஒவ்வொருவராக முன்னால் வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்து, சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் அவருக்குக் கொடுத்த வார்த்தை அது. வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜில் மேக்னட் போட்டு ஒட்டுவார்கள். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று முதல் வருஷத்திலிருந்தே என்னை எழுதச் சொன்னார்கள், தட்டைப் பிடித்து நிற்பதும் நான்தான். தட்டு என் கையில் இருந்தால் நான் சும்மா இருப்பேனா? எப்போதும் பிந்தி வரும் தங்கராஜுக்கு, விழித்திருக்கச் சொல்லும் வசனத்தை இரண்டு வருஷம் தொடர்ந்து கட்டைவிரலால் தள்ளிக் கொடுத்தேன். ஹாலே சிரித்தது, பாஸ்டரும் சிரித்தார். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்தப் புத்தாண்டு காலையில் நீ ஹெட்மாஸ்டரையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றி வந்து, கைத்தாங்கலாக உட்காரவைத்து, காரை நிறுத்திவிட்டு, கடைசி ஆளாக வரிசையில் நின்றாய். நீ கடைசியாக வருவாய் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் ரைடு லிஸ்டும் என் பொறுப்பில்தான் இருந்தது. உனக்கு முன்னால் நின்றவர் எடுத்துவிட்டுத் திரும்பியதும், தட்டில் மீதியிருந்த சில அட்டைகளைச் சரி செய்வதுபோல வாரி என் கோட்டுப் பையில் போட்டேன். இன்னொரு பையிலிருந்த ஏழு அட்டைகளை வைத்தேன். ஏழிலும் ஒரே வசனம்: இருக்கும் இடத்திலேயே குடியிரு என்று சொல்லும் வசனம். நீ வந்தாய். மற்றவர்கள் கண்ணை மூடுவது ஒரு சடங்கு. நீ இறுக்கி மூடினாய், இமை சுருங்கும்படி. உன் உதடு அசைந்தது. தட்டின் மேல் உன் கை இங்குமங்கும் அலைந்தது, ஒன்றைத் தொட்டு, விட்டு, இன்னொன்றைத் தொட்டது. எதைத் தொட்டாலும் ஒன்றுதான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு என் மகனின் கை அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தாய். திக்கித் திக்கித் தமிழில் வாசித்தாய். அம்மா அழுதாள். நீ என்னைப் பார்த்து, தோற்றவன் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாய்: "ஓகே, பா." அவ்வளவுதான். சொன்ன வாக்குப்படி ஒரு சண்டையும் போடவில்லை. மீதி ஆறு அட்டைகளை மறுநாள் ஆபீசில் காகிதம் கிழிக்கும் ஷ்ரெட்டரில் போட்டேன். தடித்த காகிதம், இரண்டு முறை மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் ஆசைப்பட்டபடியே நடந்தது. அதுதான் தண்டனை என்று அப்போது தெரியவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தாய். டெக்சாஸுக்கு உன் இடத்தில், அந்தக் கோடையில் உன்னோடு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார நண்பன் போனான். ஒரு வருஷம் கழித்து அவன் வந்தபோது, ஹால் கிச்சனில் நின்று அவனிடம் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கேட்டாய். அவன் பேசப் பேச, கழுவித் துடைத்த ஒரே தட்டை நீ மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாய். நான் சமோசா எடுக்க வந்தவன் அப்படியே திரும்பிப் போனேன். பிறகு ஸ்டார்ட்அப் வேலை, ஸ்டாக் பேச்சு, வீடு வாங்கும் பேச்சு. இந்த ஏப்ரலில் ஒரே காலையில் அத்தனை பேருக்கும் சீட்டு கிழிந்தது. ஒரு அட்டைப் பெட்டியில் உன் கப்பும் செருப்புமாக வீட்டுக்கு வந்தாய். உன்னைத் தேற்ற நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்: "இட்ஸ் ஓகே, பா. இங்க இருக்கச் சொன்னது காட். ரீசன் இருக்கும்." பர்ஸிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினாய். ஓரம் தேய்ந்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டி வைத்திருந்தாய். ஐந்து வருஷமாக நீ சாய்ந்து நின்றது என் கையெழுத்தின் மேல். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வேலை போன அன்று இதையும் சொல்லி உடைக்க வேண்டாம் என்று நினைத்தேன். மறுவாரம் இன்டர்வியூ இருக்கிறது, கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். தள்ளிப்போடுகிறவனுக்குக் கருணை மாதிரி ஒரு நல்ல சாக்கு கிடையாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நீ நடத்தும் இளைஞர் கூட்டத்துக்கு பீட்சா கொண்டுவந்து கொடுத்தேன், நினைவிருக்கிறதா? நான் உள்ளே வந்தபோது பதினைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீ அந்த அட்டையைக் கையில் பிடித்து உன் சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாய். போக ஆசைப்பட்டதையும், தட்டில் கை வைத்ததையும், இரு என்று வந்ததையும், கீழ்ப்படிந்ததையும். பீட்சா சூடாக என் கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. தங்கராஜின் மகள் ஷீபா முன்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு. அந்த வயதில் நீ உட்கார்ந்த அதே மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பார்க்கிங் லாட்டில் தங்கராஜ் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நியூ இயர் கார்டு எழுத ஆரம்பிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. ஏன், ஒனக்குத் தூங்குமூஞ்சி வசனம் மூணாவது தடவையும் வேணுமோ?"

"எனக்கு இல்ல, ஷீபாக்கு. ஒரு வருஷம் காலேஜ் போமாட்டாளாம். எங்கயோ ஒரு ஆஸ்பத்திரில வாலன்டியர் பண்ணணுமாம். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம். கடைசில என்ன சொல்றா தெரியுமா? ஆசீர் அண்ணன் மாதிரி நானும் கார்டு எடுத்து டிசைட் பண்றேங்கிறா."

"சரி, எடுக்கட்டும்."

"அதான் அண்ணாச்சி கேக்கேன். நீங்கதான் கை வித்தைக்காரராச்சே! பாத்து ஒண்ணு போட்டு விடுங்க. வீட்டோட இருன்னு வர்ற மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பாதி விளையாட்டு, பாதி கெஞ்சல். அவனுக்கு எதுவும் தெரியாது. என் வாய், பழக்கதோஷம், கூடச் சேர்ந்து சிரித்தது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அம்மா மூன்று முறை கேட்டாள், ஏன் ஸ்டார்ட் பண்ணவில்லை என்று. அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். அன்றைக்கு அழுதவள் அவள். பிறகு, "வசனம் பொய் இல்ல. ஆனா அதைச் சொல்லி நீங்க தப்பிச்சுக்காதீங்க" என்றாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். கெட்டதையும் கடவுள் நல்லதாக மாற்றுவார் என்று பாஸ்டர் சொல்லக்கூடும். அவர் சொல்லட்டும். என் வாயிலிருந்து வந்தால் அது வக்கீல் வாதம்.

அந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சபை உன்னிடம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. நாற்காலி மடக்க வைத்து, கிழவர்களைச் சுமக்க வைத்து, வெயிலில் செங்கல் தூக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பையனை 'என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன்' என்று சொல்லும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தார்கள். அந்தக் கதவில் நின்று பூட்டியது, அதே சபையின் கமிட்டியில் இருந்த ஒரு அப்பா. சபை தோற்றிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ஜெயித்ததால்தான் பயந்தேன். உன் நல்ல குணத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தக் குணம் முதல்முறையாக எனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொன்னதும் அதை ஏமாற்றினேன். உன்னிடம் 'வேண்டாம்' என்று நேராகச் சொல்லியிருக்கலாம். நீ சண்டை போட்டிருப்பாய், ஒருவேளை கேட்டிருப்பாய், ஒருவேளை கோபித்துக்கொண்டு போயிருப்பாய். அப்போது அது உனக்கும் எனக்கும் நடுவிலுள்ள விஷயமாக இருந்திருக்கும். நான் கடவுளின் குரலில் மிமிக்ரி பண்ணினேன்.

நியூ ஜெர்சியில் நீ ஒரு சபையைத் தேடுவாய். இதைப் படித்த பிறகும் தேடுவாய் என்று நம்ப எனக்கு உரிமையில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி என்று பார்க்காதே. ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை யார் மடக்குகிறார்கள் என்று பார். பிள்ளைகள் மட்டும் மடக்கி, என்னைப் போன்றவர்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தால், வேறு இடம் பார். பிள்ளைகளோடு பெரியவர்களும் மடக்குகிற இடமாக இருந்தால் உட்கார்.

இந்த வருஷ அட்டைகளை எழுத மாட்டேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். முதலில் ஆசீருக்குச் சொல்லிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் ஏமாற்றியது ஒரு ஹால் முழுக்க ஆட்கள் பார்க்க, அதனால் இந்தக் கடிதம் சபையின் மாத மடலில் வர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் இது உன் வாழ்க்கை, உன் சாட்சி. நீ சரி என்றால் மட்டும் அவரிடம் கொடுப்பேன். ஷீபாவால் மட்டும் அதுவரை காத்திருக்க முடியாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, உன் இளைஞர் கூட்டம். அந்தப் பிள்ளைகளின் முன்னால் நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். ஜோக் இல்லாமல் சொல்ல வேண்டும், ஐந்து நிமிஷம், என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் முயன்றதில்லை. தங்கராஜையும் வரச் சொல்லியிருக்கிறேன். மகளைப் போக விடு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவளிடம் நேருக்கு நேர் பேசு, தட்டுக்குப் பின்னால் ஒளியாதே என்று சொல்லலாம்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. ஷீபா கெட்டிக்காரி, கேட்டுவிடுவாள்: "அங்கிள், அப்போ ஆசீர் அண்ணனுக்கு காட் நிஜமா என்ன சொல்லியிருப்பார்?" எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உனக்கு இருந்த ஒரு காலையை நான் எடுத்துக்கொண்டேன், அதை எங்கிருந்து எடுத்துத் திருப்பித் தருவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அச்சுப்போன்ற அந்தக் கையெழுத்தில் அதுவும் இன்னொரு அட்டை மாதிரியே இருந்தது. அடித்துவிட்டேன். நாளைக்கு நேரில் கேட்கிறேன், நீ முகத்தைத் திருப்பிக்கொள்ள வசதியாக.

நாளைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு, கூட்டத்துக்குக் கிளம்ப, நான் காரில் இருப்பேன். நீ வந்து உட்காரும்வரை ஸ்டார்ட் பண்ண மாட்டேன். என்னோடு ஏறப் பிடிக்காமல் உன் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாலும் சரி. நான் பின்னாலேயே வருவேன்.

அப்பா